வெறுந்தீவன வரிசை

இருசப்பனுக்கு முயல்களைப் பற்றி ஏதும் தெரியாது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்த அவர், நாற்பதை நெருங்கும் வரை ஒரு முயலைக் கையால் தொட்டதில்லை. ஒரு மழைக்காலத்தில் கட்டுமரம் கரையருகே புரண்டு அவருடைய தோள்மூட்டு நழுவியது. வைத்தியர் அதை ஒருவாறு பொருத்தி வைத்தாலும், அதன் பிறகு துடுப்பு அந்தக் கைக்கு அடங்கவில்லை. அப்போது அவர் மனைவி ஜெகதாம்பாள் கூடை மீனோடு பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போய், அங்கிருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் குடியிருப்புகளில் விற்று வந்தாள். அங்கே டாக்டர் சகுந்தலாவின் வீட்டு வாசலில் ஒருநாள் கூடையை இறக்கியவள், மீனைக் காட்டாமல் புருஷனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

"எங்க வூட்டுக்காரருக்கு ஒரு வேல போட்டுக் குடுங்கம்மா. வஞ்சிரம் வந்தா மொதத் துண்டு உங்களுக்குத்தான்."

"என்னம்மா, எனக்கே லஞ்சமா?" என்று டாக்டர் சிரித்தாள்.

"ஐயோ, லஞ்சம் இல்லம்மா. பங்கு!"

அந்தச் சொல்லை ஜெகதாம்பாள் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர்கள் கரையில் அது வாழ்க்கை முறை. கட்டுமரம் கரையேறும்போது அதை இழுக்க ஒரு கை கொடுத்தவனுக்குப் பங்கு உண்டு; கை கொடுக்க முடியாமல் வெறுமனே நின்று பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு கைப்பிடி மீன் உண்டு. பிடித்தவன் தன் கணக்கில் அதைக் கழிப்பதில்லை. கண்ணெதிரே மீன் குவிந்து கிடக்கும்போது, பார்த்து நின்ற ஒருவன் வெறுங்கையோடு திரும்பினால், அவனுடைய ஏக்கம் அந்த மீனைத் தின்பவர்கள் வயிற்றில் தங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. இருசப்பன் இதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. மூச்சுவிடக் கற்றுக்கொள்வதுபோல் கற்றுக்கொண்டார்.

இப்படித்தான் 1974-இன் தொடக்கத்தில் அவர் அந்த நிலையத்தின் விலங்குக் கூடத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தார். கல்நார் கூரை போட்ட நீண்ட அறை அது. நடுவில் நடைபாதை, இருபுறமும் எதிரெதிராகக் கம்பிக் கூண்டுகள், கூண்டுக்கு ஒரு வெள்ளை முயல். வலப்புற வரிசைக்குக் கொழுப்புத் தீவனம். இடப்புற வரிசைக்குத் தவிடும் கொள்ளும் உலர்புல்லும் கலந்த வெறுந்தீவனம். டாக்டர் சகுந்தலா முதல் நாளே அவரை நடைபாதையில் நிறுத்தி, எளிய பேச்சில் விளக்கினாள்.

"கடலை எண்ணெய் தண்ணி மாதிரி ஓடும், இல்லியா? தொழிற்சாலையில அதுக்குள்ள ஒரு வாயுவைச் செலுத்தி நெய் மாதிரி இறுக வைக்கிறாங்க. அதுதான் வனஸ்பதி. அப்படி மாத்தின கொழுப்பு உடம்புக்குள்ள போனா ரத்தத்துல என்ன ஆகுதுன்னு நாம பாக்கணும். அதோட கொலஸ்ட்ரால்னு ஒரு வெள்ளைப் பொடியும் சேக்கிறோம். இந்தப் பக்கத்துச் சாப்பாடு அந்தப் பக்கம் போகக் கூடாது. புரியுதா?"

"புரியுது டாக்டரம்மா. கிண்ணம் மாறாம பாத்துக்கறேன்."

கிண்ணம் ஒருநாளும் மாறவில்லை. அவருக்குப் புரிந்தது அவ்வளவுதான் என்பதை டாக்டர் அப்போது அறியவில்லை.

தீவனம் கலப்பது சந்திரம்மாவின் வேலை. செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு காலனியிலிருந்து வருகிறவள். அவளுடைய தாயும் தாயின் தாயும் நிலக்காரர் ஒருவரின் வயலில் நாற்று நட்டே காலம் கழித்தவர்கள். அந்தக் குடும்பத்தில் வெயிலில் குனியாமல் கூரைக்குக் கீழே நின்று வேலை பார்த்த முதல் ஆள் அவள்தான். அதனால் தராசில் முள் நேரே நிற்கும் வரை மூச்சைக்கூட அடக்கிக்கொள்வாள். பக்கத்து அறையில் வனஸ்பதியை உருக்கிப் பொடியோடும் தீவனத்தோடும் பிசைந்து கிண்ணங்களில் அடைத்து அவள் கொடுப்பாள். இருசப்பன் வாங்கிக்கொண்டு போய்க் கூண்டுகளில் வைப்பார். தீவனம் வைக்கும் நேரத்தில் கூடத்துக்குள் வேறு யாரும் வருவதில்லை.

"இன்னா அண்ணாத்த, உன் மருமவப் புள்ளைங்க துன்னாச்சா?" என்பாள் சந்திரம்மா, காலிக் கிண்ணங்களை வாங்கும்போது.

"ஒருத்தன் மட்டும் மூஞ்சத் தூக்கி வெச்சுகினு கீறான். சீர் பத்தலையாம்."

வாயிற்காவலர் சாலமோனுக்கும் இது ஒரு வேடிக்கை. "திருக்கழுக்குன்றத்துல கழுகுக்கு நெய்ப் பொங்கல், இங்க முயலுக்கு வனஸ்பதி. மனுசனாப் பொறந்த நமக்குத்தான் பழையது" என்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

தவறு நேர்ந்தது அந்தத் தனிமையில்தான். உருகிய கொழுப்பின் வாசம் கூடத்துக்குள் நுழைந்ததும் இடப்புற வரிசை முயல்கள் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும். கம்பி இடுக்கில் மூக்கை நுழைத்துத் துடிதுடிக்கவிட்டு, எதிர்வரிசைக் கிண்ணங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றின் முன்னால் இருசப்பன் வைப்பது உலர்ந்த தவிடு. சில நாட்கள் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்துப் பார்த்தார். பிறகு முடியவில்லை. ஏங்கிப்போன வயிற்றில் எந்தத் தீனியும் ஒட்டாது. பார்த்திருக்கத் தின்றவனுக்கும் அது நல்லதில்லை. வலப்புறக் கிண்ணம் ஒவ்வொன்றிலிருந்தும் விரல்நுனியால் ஒரு கிள்ளு எடுத்து, எதிரே நிற்கும் முயலின் தவிட்டின்மேல் வைத்தார். மூக்குகள் கம்பியிலிருந்து விலகின. கூடம் அமைதியானது. அவர் மனமும் அமைதியடைந்தது. அன்றிலிருந்து ஒருநாளும் தவறாமல் அந்தப் பங்கைக் கொடுத்து வந்தார். அதை மறைக்க வேண்டும் என்றோ யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றோ அவருக்குத் தோன்றவில்லை.

கோடை முடியும் தறுவாயில் இரத்தம் எடுக்கும் நாள் வந்தது.

இருசப்பன் ஒவ்வொரு முயலாகத் துணியில் சுற்றி மடியில் அணைத்துக்கொண்டார். டாக்டர் அதன் காதோரத்து மயிரைக் களைந்து, நரம்பு புடைக்கும்படி மருந்துப் பஞ்சால் தேய்த்து, ஊசியால் குத்தினாள். துளித்துளியாக இரத்தம் கண்ணாடிக் குழாயில் இறங்கியது. அது உறையட்டும் என்று குழாய்களைச் சாய்த்து வைத்தார்கள். உறைந்த இரத்தம் அடியில் சுருங்க, மேலே தெளிநீர் ஊறி நிற்கும் என்றும், வைக்கோல் நிறத்தில் கண்ணாடி போல் இருந்தால் அது நல்ல இரத்தம் என்றும் டாக்டர் சொல்லியிருந்தாள்.

வலப்புற வரிசைக் குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது சந்திரம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். இருசப்பன் இரண்டடி பின்வாங்கினார். சிவப்புக் கட்டியின் மேல் பால் நின்றது. நீர் கலக்காத, கறந்த பால் போன்ற வெண்மை. கடலில் ஆள் அடிபட்டதையும் சுறா கடித்ததையும் பார்த்தவர் அவர். இரத்தம் அவருக்குப் புதிதில்லை. ஆனால் உயிரோடு துள்ளிக்கொண்டிருக்கும் ஒன்றின் உடம்பில் இப்படி ஒன்று ஓடும் என்று அவர் கற்பனையும் செய்ததில்லை.

"இன்னாம்மா இது... ரத்தத்துல எங்கேர்ந்து பாலு?"

"பால் இல்ல. எல்லாம் கொழுப்பு" என்றாள் டாக்டர். அவள் குரலும் இறங்கியிருந்தது. "கூடும்னு தெரியும். இவ்வளவுன்னு நானே நினைக்கல."

நல்லவேளை, இடப்புற வரிசையாவது தப்பியது என்று இருசப்பன் நினைத்தார். டாக்டர் இடப்புற வரிசைக் குழாய்களின் பக்கம் திரும்பினாள். முதல் குழாயை எடுத்தாள்; சன்னலருகே கொண்டுபோனாள்; கீழே வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். மிச்சமிருந்தவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். பால் இல்லை. ஆனால் தெளிநீரும் இல்லை. ஒவ்வொரு குழாயிலும் அரிசி களைந்த நீர்போல் ஒரு கலங்கல்.

குழாய்களில் ஒட்டிய எண்கள் மாறியிருக்கலாம் என்று டாக்டர் அதே முயல்களைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னாள். தன் கையாலேயே எண் எழுதி, வேறு காதில் இரத்தம் எடுத்தாள். அந்தக் குழாய்களுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே கலங்கல் மெதுவாக ஊறி வந்தது.

"சந்திரம்மா" என்றாள் திரும்பாமலே. "வனஸ்பதி காய்ச்சின சட்டியிலதான் வெறுந்தீவனத்தையும் பிசைஞ்சியா?"

"ஐயோ, இல்லம்மா! அதுக்குச் சட்டி வேற, கரண்டி வேற. கைகூட சோப்பு போட்டுக் கழுவிகினுதாம்மா தொடுவேன்."

"அப்போ இந்தக் கொழுப்பு எப்படி வந்தது? வெறுந்தீவனம் தின்ன முயலுக்கு இப்படி ஆகாது. இந்த வரிசைக்குக் கொழுப்பு போயிருக்கு. தினமும் போயிருக்கு. நீ கலக்கலைன்னா, பறந்து வந்ததா?"

"கர்த்தர் மேல ஆணையா எனக்குத் தெரியாதும்மா."

"சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் நிலையத் தலைவர் அறைக்கு வா. அவரே கேக்கட்டும்."

இருசப்பன் கூண்டின்மேல் கை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். 'இந்த வரிசைக்குக் கொழுப்பு போயிருக்கு' என்ற சொல் காதில் விழுந்தபோதும் அவருக்கு உடனே உறைக்கவில்லை. நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையை உயர்த்தினார். விரல்நுனியில் வனஸ்பதி வாசம் அடித்தது. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. தோள் கழன்று உப்புநீருக்குள் அமிழ்ந்த நொடியில்கூட அப்படி ஒரு திகில் அவரைப் பற்றியதில்லை. அந்தக் கிள்ளா? தின்னக் கொடுத்த அந்தக் கிள்ளா இரத்தத்தைக் கலக்கியது?

உச்சி வெயிலில் சந்திரம்மா வேப்பமரத்தடியில் சோற்றுத் தூக்கைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். இருசப்பன் எதிரே போய் நின்றார்.

"சந்திரம்மா, நான் ஒண்ணு சொல்லணும்..."

"நீ இன்னா சொல்லப் போற? கவலப்படாதன்னு சொல்லுவ." அவள் நிமிரவில்லை. "நான் தப்பு பண்ணலன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு யாரு சொல்றது? எங்கம்மா ஆண்டை வூட்டு வாசல்ல முந்தானய இடுப்புல சுத்திகினு நிப்பா. நான் அவளுக்குப் பக்கத்துல நிப்பேன். இந்த வேல கெடச்சப்போ, இனிமே நம்ப வூட்டுப் பொண்ணு எவளும் அங்க நிக்க மாட்டான்னு சொல்லி அழுதா. இப்போ நானே என் பொண்ண இட்டுகினு போயி நிக்கணும்."

அவளிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று வந்த இருசப்பன், ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பி நடந்தார். பயந்துவிட்டார் என்பதே உண்மை. வேலையை விட்டால் அவருக்குக் கடலும் இல்லை. ஜெகதாம்பாளின் கூடைக்குப் பின்னால் வாழ்நாளெல்லாம் நடக்கும் காட்சி ஒரு கணம் அவர் கண்முன் வந்து போனது.

தலைவரின் அறையில் சந்திரம்மா கைகட்டி நின்றாள். தலைவர் பெரிய மீசைக்காரர். குரலை உயர்த்தாமலே பேசுகிறவர். கூடத்தில் வேலை செய்பவர் என்ற முறையில் இருசப்பனையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"இத பாரும்மா, வேணும்னு பண்ணினன்னு நான் சொல்லல. ஆனா இத்தனை மாசத்து உழைப்பு வீணாப் போயிருக்கு. நாளையிலேர்ந்து வர வேணாம்" என்றார் தலைவர்.

சந்திரம்மா அழவில்லை. "சரிங்க ஐயா" என்றாள். அவள் முந்தானை நுனியை எடுத்து, தன்னையறியாமல் இடுப்பில் சுற்றிச் செருகிக்கொண்டாள். மரத்தடியில் அவள் சொன்ன தாயின் கோலம் அது. இருசப்பனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"ஐயா, அவ இல்ல. நான்தான் குடுத்தேன்."

"என்ன குடுத்தே?"

"அந்தப் பக்கத்துக் கிண்ணத்துலேர்ந்து ஒரு கிள்ளு. இந்தப் பக்கத்துக்கு. டெய்லி."

டாக்டர் சகுந்தலா நாற்காலியிலிருந்து எழுந்தாள். தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எதுக்கு?"

"பாத்துகினு இருந்துச்சுங்க ஐயா."

"எது?"

"முயலுங்க."

தலைவர் டாக்டரைப் பார்த்தார். அவருக்குச் சினம் கொள்வதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சந்திரம்மாவின் வாய் பாதி திறந்தபடி நின்றது.

டாக்டர் இருசப்பனைத் தீவன அறைக்கு அழைத்துச் சென்றாள். மிச்சமிருந்த கொழுப்புத் தீவனத்தை ஒரு கிண்ணத்தில் வைத்து, தராசைக் காட்டினாள். "எப்பவும் எடுக்கிற மாதிரி எடு. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்." அவர் கிள்ளித் தராசில் வைத்தார். அவள் நிறுத்தாள், மீண்டும் எடுக்கச் சொன்னாள், மீண்டும் நிறுத்தாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இவ்வளவுதானா?"

"அவ்ளோதாம்மா. அதுக்கு மேல ஒரு பருக்க கெடையாது."

"இந்த அளவுக்கே இப்படின்னா..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு, "கொழுப்பு வரிசை எவ்வளவு தின்னுதுன்னு நான் எழுதி வெச்சதும் பொய்யாப் போச்சு, இருசப்பா. நீ எடுத்ததை அதுங்க தின்னதாத்தானே நான் கணக்குப் போட்டேன்? ரெண்டு பக்கமும் போச்சு" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். கொடுத்தவன் பக்கம் எதுவும் குறையாது என்றிருந்தவருக்கு, இரண்டு பக்கமும் போயிற்று என்ற சொல் நெஞ்சில் இடித்தது.

அன்று மாலையே இடப்புற வரிசையிலிருந்து ஒரு முயலை மயக்கமருந்து கொடுத்துக் கொன்றாள் டாக்டர். கொழுப்பு இரத்தத்தோடு நின்றதா, இரத்தக்குழாய்ச் சுவரிலும் படிந்ததா என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. இருசப்பனைப் போகச் சொன்னாள். அவர் போகவில்லை. இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக்குழாயைத் தனியே எடுத்து, நீளவாக்கில் கத்திரித்து, தட்டையாக விரித்தாள். உட்புறம் நத்தைக் கூட்டின் உள்பக்கம்போல் வழவழப்பாக இருக்க வேண்டிய தசை. அதில் அங்கங்கே மஞ்சள் கலந்த வெள்ளைத் தீற்றல்கள் மேடிட்டிருந்தன. ஈரச் சுவரில் சுண்ணாம்பு தெறித்து உலர்ந்ததுபோல் இருந்தது.

"தொட்டுப் பாக்கலாமா டாக்டரம்மா?"

அவள் தலையசைத்தாள். அவர் விரல் வைத்தார். வழவழப்பின் நடுவே அந்த இடம் சொரசொரத்தது. துடைத்தால் போகுமோ என்று லேசாகத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. அது சதையோடு சதையாக இருந்தது. தினமும் காலையில் அவர் கால்சத்தம் கேட்டதும் எழுந்து நின்ற முயல் அது. அவர் வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் விரல்களைத் திரும்பத் திரும்பக் கழுவினார்.

அவரை வேலையை விட்டு நீக்குவது என்றுதான் தலைவர் முடிவு செய்திருந்தார். டாக்டர் சகுந்தலா குறுக்கிட்டாள். "அவன் வாயைத் திறக்காம இருந்திருந்தா, கொழுப்பு வரிசைக் கணக்குன்னு ஒரு பொய்யை நான் அச்சுல ஏத்தியிருப்பேன் சார். இன்னொருத்தி வயிறும் எரிஞ்சிருக்கும்" என்றாள். தலைவர் மீசையைத் தடவிவிட்டு இருசப்பனைக் கூப்பிட்டார்.

"விலங்குக் கூடத்துல இனி உன்னை விட முடியாது. வேற எங்க போறே, சொல்லு."

"எதுவும் துன்னாத எடமாப் பாத்துக் குடுங்க ஐயா."

தலைவர் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடிக் குழாய்கள் கழுவும் அறைக்கு அவரை மாற்றினார்கள்.

சந்திரம்மாவின் வேலை தப்பியது. அதற்காக அவள் அவருக்கு நன்றி சொல்லவில்லை. மரத்தடியில் எதிரே நின்றும் சொல்லாமல் போனாரே என்ற கோபம் அவளுக்கு ஆறவே இல்லை. எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அது நியாயம்தான் என்று இருசப்பனும் பேச முயலாமல் இருந்தார். பழைய முயல்கள் போய்ப் புதியவை வந்தன. வேறு ஆளை நம்ப விரும்பாத டாக்டர், தீவனம் கலப்பதோடு வைப்பதையும் சந்திரம்மாவிடமே ஒப்படைத்தாள்.

புதிய முயல்களுக்குக் கொழுப்புத் தீவனம் தொடங்கிச் சில நாட்களான ஒரு காலையில், கழுவும் அறையின் வாசலில் நிழல் விழுந்தது. சந்திரம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் காலிக் கிண்ணங்கள் இருந்தன, முகம் வெளுத்திருந்தது.

"அண்ணாத்த" என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் அவரை அழைத்தது அதுவே முதல் முறை. "எழுந்து நின்னுகினு அப்டியே பாக்குதுங்க. கம்பியக் கடிக்குதுங்க. என்னால வெச்சுட்டுத் திரும்ப முடியல."

இருசப்பன் கையிலிருந்த கண்ணாடிக் குழாயைத் தொட்டிக்குள் வைத்தார்.

"இன்னிக்கிக் குடுத்துட்டியா?"

"இல்ல. கை போச்சு. இழுத்துகினேன்."

அவர் நீண்ட மூச்சுவிட்டார். அவள் அருகே வந்து, அவள் விரல்களைப் பார்த்தார். பிறகு கழுவும் தொட்டியின் பக்கம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டு, சோப்புக் கட்டியை எடுத்துக் கொடுத்தார்.

"அத்தோட கண்ணப் பாக்காத. கிண்ணத்த மட்டும் பாரு. இன்னா அடம்புடிச்சாலும் குடுக்காத, சந்திரம்மா. உன் பொண்ண நெனச்சிக்கோ, வெளிய வந்துரு. அது ஏங்கிச்சுன்னா ஏங்கட்டும். நான் பாத்தேன் உள்ள இன்னா கீதுன்னு."

அவள் கை கழுவிக்கொண்டு நின்றாள். சுவருக்கு அப்பாலிருந்து, கம்பியில் பற்கள் உரசும் மெல்லிய ஓசை கேட்டது. இருசப்பன் தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டார்.